உப்பு கூடிப்போச்சு

அப்பாவுக்கு ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் காரியம் உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்ததுதான். கல்லுப்பு போட்டு வைக்கிற பழைய பீங்கான் ஜாடி அது. பாட்டி காலத்து ஜாடி. ஸ்டூல் போட்டு ஏறி, அதைப் பரணின் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இனிமே இந்த வீட்டுல உப்பே கெடையாது"ன்னு சொன்னாள். திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி அவள் முகத்தில்.

அந்த டாக்டர் சொன்ன உப்பு வேறு. அவர் கையில் இருந்த தாளில் கிரியாட்டினின் 3.1 என்று இருந்தது. கிரியாட்டினின் என்பது நம் தசைகள் வேலை செய்வதில் வெளிவருகிற கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது ரத்தத்தில் சேரும். சாப்பாட்டில் போடுகிற உப்புக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் எந்த டாக்டரும் கிரியாட்டினின் என்று சொல்வதில்லை. "உப்பு கூடியிருக்கு" என்பார்கள். யூரியா கூடினாலும் உப்பு. பொட்டாசியம் கூடினாலும் உப்பு. நோயாளிக்குப் புரியட்டும் என்று நல்லெண்ணத்தில் சொல்வதுதான். அந்த நல்லெண்ணம் எங்கள் வீட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது. சொல்லப்போனால் பெரும்பங்கு.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகை சைக்கிள் காலத்தில் ஆரம்பித்து, பிறகு பஞ்சர், ரிப்பேர், கடைசியில் டூவீலருக்குக் காற்றடிப்பது வரைக்கும். டியூபில் காற்று போதுமா என்று பார்க்க அவருக்கு மீட்டர் வேண்டாம். கட்டை விரலால் டயரை ஒரு அமுக்கு. "இன்னும் ரெண்டு அடி அடி" என்பார். அதில் தப்பு வந்து நான் பார்த்ததில்லை. 2016-இல் பஸ் ஸ்டாண்டில் யாரோ இலவச முகாம் போட்டிருந்தார்கள். சும்மா போய் உட்கார்ந்தவருக்கு 170/110. அவருக்கு நம்பவே முடியவில்லை. "எனக்கு ஒண்ணுமே செய்யலையே தாயி. தலை சுத்தல, மயக்கமில்ல. காலையிலருந்து மூணு பஞ்சர் ஒட்டிட்டுதான் போனேன்." மீட்டர் சொல்கிறது, விரலுக்குத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

ஆம்லோடிபின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார்கள். தினமும் ஒன்று. ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். ஏழெட்டு மாதம் கழித்துக் கணுக்காலில் வீக்கம் வந்தது. சாயங்காலமானால் செருப்பின் வார் பதிந்து பள்ளம் விழும். கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இங்கிலீஷ் மாத்திரை கிட்னிய அடிச்சிருச்சு. கால் வீங்குனா கிட்னி போச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்தும் அவரே சொன்னார். மூக்கிரட்டை.

மூக்கிரட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சாக்கடை ஓரத்திலேயே தரையோடு படர்ந்து கிடக்கும். சின்ன ஊதாப் பூ. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் வீக்கத்துக்கு அதைத்தான் சொல்கிறார்கள். வடமொழியில் அதன் பேர் புனர்நவா, மறுபடியும் புதிதாக்குவது. அம்மா வேரோடு பிடுங்கி, அலசி, இடித்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராக வற்ற வைத்துக் கொடுத்தாள். அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடித்தார். பத்துப் பதினைந்து நாளில் கால் வீக்கம் வற்றிவிட்டது. வீடே மூக்கிரட்டையைக் கும்பிட்டது.

பிற்பாடுதான் எனக்குத் தெரியும். ஆம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் கொஞ்சம் பேருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த மாத்திரை சின்ன ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது, அதனால் நீர் கசிந்து காலில் தேங்குகிறது. கிட்னிக்கும் அந்த வீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. மாத்திரையை நிறுத்தினால் தானாகவே வற்றிவிடும். டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், இல்லை வேறு மாத்திரை மாற்றியிருப்பார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மாத்திரையை நிறுத்திய அதே நாளில் கஷாயத்தை ஆரம்பித்ததால், வற்றிய வீக்கத்தின் புகழ் முழுக்கக் கஷாயத்துக்குப் போய்விட்டது. திரும்ப ஏறிய பிரஷரை யாரும் பார்க்கவில்லை. அது வலிக்கவும் இல்லை, வீங்கவும் இல்லை. கட்டை விரலுக்கு அகப்படவில்லை.

நான் அப்போது சென்னையில் துரைப்பாக்கத்தில் வேலையில் இருந்தேன். கையில் போன், இரவு பதினொரு மணிக்கு மேல் யூடியூப். மண்ணின் மருத்துவம், பாட்டி வைத்தியம், அடுப்படியே ஆஸ்பத்திரி என்று வரிசையாக வரும். அதையெல்லாம் பார்த்து, "மாத்திரை எல்லாம் வெறும் கெமிக்கல்ப்பா, ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது" என்று அப்பாவிடம் சொன்னவள் நான்தான். அவர் பத்தாவது ஃபெயில். நான் படித்தவள். அவர் நம்பாமல் என்ன செய்வார்?

படித்தவள் என்பதால் எனக்கு ஆதாரமும் தெரியும். "1949-லயே பம்பாய்ல ஒரு டாக்டர் நம்ம ஊர் வேரை வச்சு பிரஷரைக் குறைச்சிருக்காருப்பா, வெள்ளைக்காரன் பத்திரிகையிலேயே போட்டுருக்கான்" என்று போனில் சொன்னேன். அது உண்மைதான். சர்ப்பகந்தா வேர். பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் பல காலமாக இங்கே கொடுத்து வந்தது. பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். உலகம் முழுக்க அது பிரஷர் மாத்திரையாகப் போனது. வக்கீல் எழுதியதற்கு நாலு வருஷம் முன்னால், 1945-இல், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனார். அன்றைக்கு அவருடைய பிரஷர் 300/190. உலகத்திலேயே பெரிய நாட்டின் தலைவருக்குக் கொடுக்க உருப்படியான ஒரு மருந்து அன்றைக்கு இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் நம் வேர் ஒன்று போய் நின்றது என்பது பெருமைதான், மறுக்கவில்லை.

நான் அப்பாவிடம் சொல்லாமல் விட்ட பாதி என்னவென்றால், வக்கீல் ஒவ்வொரு நோயாளிக்கும் பிரஷரை அளந்து அளந்து எழுதி வைத்தார் என்பது. இன்னொன்று, ரெசர்பின் கொஞ்சம் கூடினால் ஆட்கள் மன அழுத்தத்தில் விழுந்தார்கள் என்பது. அதனால்தான் பிறகு அதன் பயன்பாடு குறைந்துபோனது. வேருக்குள் மருந்து இருக்கிறது என்றால் அதே வேருக்குள் பக்கவிளைவும் இருக்கும் என்ற சாதாரணக் கணக்கு எனக்கு அப்போது ஏறவில்லை. மேலும், சர்ப்பகந்தா பிரஷரைக் குறைக்கிறது என்பதற்கும் மூக்கிரட்டைக் கஷாயம் அப்பாவின் பிரஷரைக் குறைக்கும் என்பதற்கும் இடையில் என்ன சம்பந்தம்? இரண்டும் செடி. அவ்வளவுதான் சம்பந்தம்.

நாம் இதை ரத்தக் கொதிப்பு என்று சொல்கிறோம். அந்தச் சொல்லே ஒரு வைத்தியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. கொதிக்கிறது என்றால் சூடு. சூடு என்றால் குளிர்ச்சி கொடு. இளநீர், வெந்தயம், நுங்கு, மோர், வாழைத்தண்டுச் சாறு. கோபக்காரனுக்குத்தான் கொதிப்பு வரும் என்ற இன்னொரு நம்பிக்கையும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கள் அப்பா வாடகை சைக்கிளைத் திருப்பித் தராதவனிடம்கூடக் குரலை உயர்த்தாத ஆள். அதனாலேயே அவருக்குக் கொதிப்பு என்பதை ஊரில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவருக்கா? வாய்ப்பே இல்ல."

கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷரை அளக்கிற முறையை இத்தாலிக்காரர் ரிவா ரோச்சி 1896-இல்தான் கொண்டுவந்தார். ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்கிற முறை, ரஷ்யாவின் கொரட்கோவ் 1905-இல் சொன்னது. அறிகுறி இல்லாத உயர் ரத்த அழுத்தம் என்ற ஒன்று மனிதனுக்குக் கண்ணில் பட்டதே அதற்கப்புறம்தான். பாட்டிக்குப் பாட்டி வீக்கத்தைப் பார்த்தாள், நீர்க்கடுப்பைப் பார்த்தாள், கல்லடைப்பைப் பார்த்தாள். அதற்கு நெருஞ்சி முள்ளும் சிறுகண்பீளையும் கொடுத்தாள். பலருக்குக் கேட்டும் இருக்கும். ஆனால் 170/110 என்ற எண்ணை அவள் பார்த்ததே கிடையாது. பார்க்காத ஒன்றுக்கு அவளிடம் மருந்து இருந்தது என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். பாவம், அவள் சொல்லவில்லை.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். அதற்கப்புறம் 2022 வரைக்கும் அவர் மாத்திரை சாப்பிடவில்லை. இடையில் முழங்கால் வலி. குந்தி உட்கார்ந்தே பஞ்சர் ஒட்டியவர், வராமல் என்ன செய்யும். மெடிக்கலில் போய் "வலிக்கு ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார். பிரஷர் மாத்திரைதான் கெமிக்கல், வலி மாத்திரை கெமிக்கல் இல்லை போல. அந்த வகை வலிமாத்திரைகளை வருஷக் கணக்கில் சாப்பிட்டால் கிட்னிக்குப் போகிற ரத்தத்தையே குறைக்கும் என்று மெடிக்கலில் யாரும் சொல்லவில்லை. தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்கிற பழக்கமும் இருந்தது. அதிமதுரம் அதிகம் சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும். பாட்டி வைத்தியப் பெட்டிக்குள்ளேயே ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். அளவு தெரியாத கைக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

கிட்னி ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கின்றன. ஓயாத பிரஷரில் அந்த வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறி மூடிக்கொள்ளும். மூடியது திறக்காது. மிச்சம் இருப்பவை கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வதால் பாதிக்கு மேல் போகும் வரைக்கும் வெளியே தெரியாது. கிட்னி கெடக் கெடப் பிரஷர் இன்னும் ஏறும். ஏற ஏறக் கிட்னி இன்னும் கெடும். அப்பா அந்த வருஷங்களில் மூத்திரத்தில் நுரை நுரையாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறார். அது புரதம் கசிகிறதற்கான அறிகுறி. "சூடு, வெந்தயம் போட்டுக் குடிங்க" என்று அம்மா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

2022 ஜனவரியில் முகம் உப்பி, ராத்திரி நாலு தடவை எழுந்து, நடந்தால் மூச்சு வாங்கி, அப்புறம் பார்த்ததுதான் அந்த 3.1. உப்பு ஜாடி பரணுக்குப் போன நாள்.

ஜாடியைப் பரணில் ஏற்றியது தப்பு என்று சொல்ல மாட்டேன். காரணம் தப்பு, காரியம் பாதி சரி. ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டு பேருக்கு ஒரு மாதம் வந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 கிராமுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. இதில் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் தனிக் கணக்கு. காலையில் நீராகாரத்தில் கல்லுப்பைப் போட்டுச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்காவிட்டால் அப்பாவுக்குப் பொழுது விடியாது. உப்பைக் குறைத்திருந்தால், 2016-இலேயே குறைத்திருந்தால், அதைவிட நல்ல நாட்டு மருந்து அவருக்கு இருந்திருக்காது.

ஆனால் உப்பில்லாத சாப்பாட்டை அப்பாவால் மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. "இதுக்குச் செத்துரலாம்" என்றார். அங்கேதான் நான் உள்ளே வந்தேன். முதலில் இந்துப்பு. பாறையிலிருந்து எடுப்பது, கெமிக்கல் இல்லாதது, கிட்னிக்கு நல்லது என்று போட்டிருந்தது. ரோஸ் கலரில் பார்க்கவும் அழகாக இருந்தது. அதுவும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான், சமையல் உப்பேதான். அடுத்து ஆன்லைனில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட். இதில் உண்மையிலேயே சோடியம் குறைவு. குறைத்த இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. பொட்டாசியம் குளோரைடு. நான் படிக்கவில்லை. ஒரு நல்ல கிட்னி இருக்கிற பிரஷர்காரருக்கு அது நல்லதுதான். அப்பாவுக்கு நல்ல கிட்னி இல்லை.

செம்பருத்தி டீயும் வாங்கினேன். பிரஷருக்கு ஹைபிஸ்கஸ் நல்லது என்று இங்கிலீஷ் கட்டுரை ஒன்றில் படித்திருந்தேன். அந்த ஆராய்ச்சிகள் செய்தது புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவப்புப் புல்லிவட்டத்தில். நம் வீட்டு வாசல் செம்பருத்தி வேறு இனம். பேரின் முன்பாதி மட்டும் ஒன்று.

அப்புறம் வாழைத்தண்டுச் சாறு, தினமும் காலையில் ஒரு டம்ளர். கிட்னியைக் கழுவும் என்று சொன்னார்கள். மே மாத வெயில் வேறு. கரிசல் காட்டு மேயைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் சென்னையிலிருந்து போன் போட்டு, கடைத்தெருவில் இளநீர் விற்கிற அண்ணனிடம் பேசி, தினம் இரண்டு இளநீர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி, மாதக் கணக்கில் ஜிபே பண்ணினேன். தூரத்திலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகள். அந்தப் பணம் போன ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு குளிர்ந்தது.

இளநீர், வாழைத்தண்டு, அந்தப் பாக்கெட் உப்பு. மூன்றிலும் பொட்டாசியம். கிட்னி வேலை செய்கிறவர்களுக்கு அது நல்லது செய்துவிட்டு மூத்திரத்தோடு போய்விடும். வெளியே போக வழியில்லாதவர்களுக்கு ரத்தத்தில் தேங்கி இதயத்தின் துடிப்பையே நிறுத்திவிடும்.

மே கடைசி வாரம். கை கால் எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார், எழுந்திருக்க முடியவில்லை. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பொட்டாசியம் 6.9. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. ஈ.சி.ஜி. தாளில் கோடுகள் கூடாரம் அடித்த மாதிரி கூர்கூராக நின்றன. இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி, பொட்டாசியத்தை உள்ளே தள்ள இன்சுலினும் குளுக்கோசும், அப்புறம் இரண்டு தடவை டயாலிசிஸ். நான் ராத்திரி பஸ் பிடித்து, விடிகாலையில் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் குழாய் சொருகிக் கிடந்தார். கண்ணைத் திறந்து, "சாப்பிட்டியா தாயி?" என்றார்.

டாக்டர் என் வயசுப் பெண். கோபமாக எல்லாம் கேட்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே, "என்னென்ன குடிச்சீங்க, சொல்லுங்க ஐயா" என்றார். அப்பா சொன்னார். இளநீர். தண்டுச் சாறு. "அந்தப் பாக்கெட் உப்பு?" அதையும் சொன்னார். "யார் இதெல்லாம் குடிக்கச் சொன்னது?"

நான் கட்டில் பக்கத்தில்தான் நிற்கிறேன். வாயைத் திறந்தேனா, திறக்கப் போனேனா, தெரியவில்லை.

"கடைக்கு வார ஆளுக சொன்னாகம்மா. நாந்தான் இவளைத் தொந்தரவு பண்ணி வாங்கித் தரச் சொன்னேன்" என்றார் அப்பா. டாக்டர் எழுதிக்கொண்டார். அதை நான் இன்றுவரை மறுக்கவில்லை. அவரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா ஒரு டப்பாவையும் கொண்டுவந்திருந்தாள். யாரோ ஒரு வைத்தியரிடம் வாங்கிய சூரணம். கிட்னியை மூன்று மாதத்தில் பழையபடி ஆக்கிவிடும் என்று சொல்லி மூவாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். டப்பாவில் பேர் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை. பச்சையும் காவியும் கலந்த பொடி. டாக்டர் முகர்ந்து பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல, அப்போ வேண்டாமே" என்று மூடி வைத்தார். பிறகு நான் தேடிப் படித்தேன். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கிட்னி போனது. ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்றின் பொடி அதில் கலந்துபோயிருந்தது. அரிஸ்டோலோகியா இனத்துச் செடி. அந்த இனத்தில் நம் ஊரிலும் உண்டு. ஆடுதின்னாப்பாளை அதில் ஒன்று. ஆடே தின்னாது என்று பேரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள் பெரியவர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் அம்மாவுக்குப் பெரிய அடி. உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்திருந்தார். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். உருளைக்கிழங்கு என்றால் முதலில் ஊற வைத்து அதையும் கொட்ட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும். முப்பத்தைந்து வருஷமாகக் கீரையை மூடி வைத்து வேக விடாதவள், காய் வெந்த தண்ணீரை ரசத்தில் சேர்த்தவள் அம்மா. "சத்தெல்லாம் தண்ணியோட போயிரும்" என்பது அவளுக்கு வேதம். இப்போது அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள். முதல் நாள் சாக்கடை ஓரத்தில் பாத்திரத்தைச் சாய்த்தபடி நின்று அழுதாள். "விஷத்தை வடிக்கிற மாதிரி வடிக்கேன். நல்லதுன்னுதான ஊத்துனேன் இத்தன வருஷம்."

அதற்கு நான் என்ன சொல்ல. நல்லதுதான் அது, வேறொரு அப்பாவுக்கு.

சில மாதம் கழித்து, மனசு கேட்காமல், அரசு ஆஸ்பத்திரியில் சித்தப் பிரிவுக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த சித்த மருத்துவர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனைத் தாளை. அடுத்து பிரஷர் கருவியை எடுத்துக் கையில் கட்டினார். நாடி பார்த்தது மூன்றாவது. "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது? நான் சொல்ல மாட்டேன். மூக்கிரட்டை நல்ல மூலிகைதான். ஆனா அதுலயும் பொட்டாசியம் உண்டு, இவர் இருக்கிற நெலமையில நான் குடுக்க மாட்டேன். நடந்து போங்க, உப்பைக் குறைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்க பரிசோதனை பண்ணுங்க." எனக்கு வெட்கமாக இருந்தது. நான் இத்தனை வருஷம் எந்த மருத்துவத்துக்காக அப்பாவிடம் வாதாடினேனோ, அந்த மருத்துவம் படித்த ஆளைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற அக்கா ஒருத்தர் தெருவுக்கு வருகிறார். பிரஷர் பார்த்து நோட்டில் குறிக்கிறார். அப்பாவுக்கு மாத்திரை பெரிய டாக்டர் எழுதியபடி தனியாகப் போகிறது, இருந்தாலும் அந்த அக்காவிடம் கையை நீட்டாமல் இருப்பதில்லை. கருவி காற்றை அடைக்கிறபோது மட்டும் கூர்ந்து பார்க்கிறார். "வால்வு லேசா லீக் ஆவுது தாயி, மாத்தச் சொல்லு" என்று ஒருநாள் அந்த அக்காவிடம் சொன்னாராம். பார்த்தால் உண்மையிலேயே ரப்பர் குமிழில் கசிவு இருந்திருக்கிறது. அதைப் பக்கத்துத் தெரு வரைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கிரியாட்டினின் 3.4-இல் நிற்கிறது. கீழே வராது, தெரியும். நிற்கட்டும் என்பதுதான் இப்போதைய வேண்டுதல். இடது கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பட்டை கட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். என்றைக்காவது டயாலிசிஸ் வந்தால் அந்த நரம்பு வேண்டும். அப்பா அந்தக் கையைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொள்கிறார். உப்பு ஜாடி கீழே வந்துவிட்டது. அம்மா அதில் அரை டீஸ்பூன் அளவுக் கரண்டி ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாள்.

இந்தப் பொங்கலுக்குப் போயிருந்தேன். போகிக்கு மறுநாள் விடிகாலை காப்புக் கட்டுவதற்காக முந்தின சாயங்காலமே அப்பாவும் நானும் காட்டுப் பக்கம் போனோம். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுகண்பீளை. வெள்ளை வெள்ளையாகக் கதிர் வைத்து ஓடை ஓரம் முழுக்க நின்றது. அவர் குனிய முடியாததால் நான் பறித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கொத்தாகச் சேர்த்து நாரில் சுற்றிக்கொண்டே வந்தவர், ஒரு கொத்தை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதைக் கஷாயம் வச்சுக் குடிச்சா கிட்னிக்கு ரொம்ப நல்லதாம்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருப்பா சொன்னா?"

"யூடியூப்ல" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. பிறகு அந்தக் கொத்தையும் மற்றதோடு சேர்த்துக் கட்டி, முடிச்சைக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார்.